ஷார்ஜாவில் லுஹர்

சனிக்கிழமை காலை, மாடிப்படியில் ஹாஜரா மாமியின் குரல் ஏறிக்கொண்டே போனபோது, ஃபரீதா லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மாமி எதற்காக மேல் வீட்டுக்குப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியும். போன சனிக்கிழமை பட்ட காயம் அந்த ராஜபாளையம் வீட்டில் இன்னும் ஆறவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையத்தில் அறிவியல் சொல்லித்தரும் கம்பெனி ஒன்று ஆசிரியை தேடியது. ஃபரீதா எழுத்துத் தேர்வில் தேறி, மாதிரி வகுப்புக்கு உட்கார்ந்தாள். பாடம் சூடுபிடித்த நேரத்தில் நெட் போனது. திரும்பி வந்தபோது திரையில் ஒரு பிள்ளைகூட இல்லை. கெஞ்சிக் கேட்டு இன்னொரு வாய்ப்பு வாங்கியிருந்தாள். அது இன்று மாலை நாலரை மணிக்கு. இன்றும் அறுந்தால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று கம்பெனிக்காரப் பெண் பணிவாகவே சொல்லிவிட்டாள்.

மாமியும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். இந்த ஒரு தடவை பார்ப்போம், சரிப்படவில்லை என்றால் பிறகு வீட்டில் வேலை என்ற பேச்சே எழக் கூடாது. மாமி கொடுமைக்காரி அல்ல. ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிறவளும் அல்ல.

வகுப்பை அறுத்த அந்தப் பாழாய்ப்போன வைஃபையைச் சரிசெய்ய எல்லாரும் ஒரு கை பார்த்தாகிவிட்டது. மாமியின் மகனும் ஃபரீதாவின் கணவனுமான ரஃபீக், ஸ்டேஷன் ரோட்டில் கடிகாரமும் செல்போன் சாமான்களும் விற்கிறவன். அவன் வைஃபை பெட்டியையே மாற்றிப் பார்த்தான். கேபிள் கம்பெனியிலிருந்து விஜயபாண்டி இரண்டு முறை வந்தான். இரண்டு முறையும் காலை பத்து, பதினொரு மணிக்கு. அவன் வந்து உட்கார்ந்தால் நெட் கல்யாண வீட்டுக் குழாய்போலக் கொட்டும். சிக்னல் பச்சையாக இருக்கிறது, லைன் சுத்தமாக இருக்கிறது, வீட்டுக்குள்தான் யாரோ இழுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த 'யாரோ'வைப் பிடிக்கத்தான் மாமி இப்போது மேலே போகிறாள்.

மாடியில் வாடகைக்கு இருந்தவள் ஹெப்சிபா. சோழபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டுச் சாவியோடு வைஃபை பாஸ்வேர்டையும் சேர்த்துக் கொடுத்தது மாமிதான். அந்தத் தாராளமே இன்று அவளை உறுத்தியது.

ஹெப்சிபா கோபப்படாமல்தான் பதில் சொன்னாள். "எனக்கும் நெட்டு போகுதுக்கா. லீவு நாள்ல நல்லாக் கவனிச்சுட்டேன். நீங்க தொழுகைக்கு உக்காரும்போது போகுது. தொழுதுட்டு எந்திரிக்கவும் வந்துருது."

மாமி படியின் பாதியில் நின்று கீழே திரும்பினாள்.

"கேட்டியா ஃபரீதா. நாம தொழப் போற நேரம் பாத்து இழுக்கா. அவ வாயாலயே வந்துருச்சு."

"நான் எங்கக்கா இழுத்தேன்? எனக்கும் போகுதுன்னுதானே சொல்லுதேன்."

"அடுத்த மாசத்துக்கு வேற வீடு பாத்துக்கம்மா. மனசு விட்டுப்போச்சு."

ஃபரீதா அங்கே ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அவள் மனமெல்லாம் நாலரை மணியிலேயே இருந்தது. பிறந்த வீட்டில், ஸ்ரீவில்லிபுத்தூரில், அவளைப் பெற்ற அத்தா வேறு கம்பெனி லைன் வைத்திருக்கிறார். பெட்டி வேறு, வயர் வேறு, மேல் வீடும் கிடையாது. அங்கே போய் வகுப்பை முடித்துவிட்டால் போதும் என்று கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஹெப்சிபாவின் முகம் கூடவே வந்தது. திருடுகிறவள் எந்த நேரத்தில் திருடுகிறேன் என்று தானே சொல்வாளா? இருந்தாலும் மாமி சொன்னதிலும் பாதியை ஃபரீதா நம்பத்தான் செய்தாள். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

*

அத்தா அய்யூப் வாசலிலேயே நின்றிருந்தார். அம்மா மதுரைக்கு, பிரசவம் பார்க்க மூத்த மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் வீடு முழுக்க அவர் ராஜ்யம். ஜவுளிக் கடையை விட்ட பிறகு அவருக்கு இரண்டே வேலை. பள்ளிவாசலுக்குப் போவது, திரும்பி வந்து போனில் பயான் என்னும் மார்க்கச் சொற்பொழிவு கேட்பது.

ஃபரீதா உள்ளறையில் லேப்டாப்பை வைத்து, பாடத்தை ஒத்திகை பார்க்கத் தொடங்கினாள். வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பது பாடம். நெட் வேகத்தைச் சோதித்தாள். அருமையாக இருந்தது. விஜயபாண்டி இருந்தால் இங்கேயும் பச்சை விளக்கைக் காட்டிச் சிரித்திருப்பான்.

கூடத்துச் சுவரிலிருந்து, நடுப்பகல் தொழுகைக்கு அழைக்கும் லுஹர் பாங்கு எழுந்தது. அவளுடைய அண்ணன் அஃப்சல் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த கடிகாரம் அது. வைஃபையில் சேர்ந்துகொண்டு, அந்தந்த ஊருக்கு அந்தந்த நாளின் தொழுகை நேரத்தைத் தானே தெரிந்துகொண்டு பாங்கு சொல்லும். இங்கே ஒன்று, மாமி வீட்டுக்கு ஒன்று என்று போன லீவில் கொடுத்துவிட்டுப் போனான். சம்பந்தி வீட்டுச் சீர் என்று மாமிக்கு அதில் தனிப் பெருமை. போன மாதம் அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு புதுக் குரலில் பாங்கு சொல்ல ஆரம்பித்ததும், கேட்கக் கேட்கக் கண் கலங்குகிறது என்று மாமி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

அத்தா தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். ஃபரீதாவுக்கு அது மாதவிலக்கால் தொழுகை இல்லாத நாட்கள். அதனால் எழாமல் திரை முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

அப்படி உட்கார்ந்திருந்ததால்தான் பார்த்தாள். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நெட் போய்விட்டது.

முதலில் அவளுக்கு அழுகை வந்தது. பிறகு, அழுகைக்கு நடுவில், யாரோ தோளைத் தட்டியதுபோல நிமிர்ந்தாள்.

இங்கே ஹெப்சிபா இல்லையே.

கம்பெனி வேறு. வயர் வேறு. பெட்டி வேறு. ஊரே வேறு. ஆனால் நோய் அதே நோய். அப்படியானால் இரண்டு வீட்டிலும் பொதுவாக ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அறிவியல் டீச்சருக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடையாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

வைஃபை என்பது ஒரே பொருள்போலத் தோன்றும். உண்மையில் மூன்று. தெருவிலிருந்து வரும் வயர், வீட்டில் இருக்கும் பெட்டி, பெட்டிக்கும் நம் போனுக்கும் இடையில் இருக்கும் காற்று. வயர் செத்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். எரியவில்லை. காற்றில் கோளாறு என்றால் போனில் சிக்னல் கோடுகள் குறையும். குறையவில்லை. மிச்சம் பெட்டி. அதன் வைஃபை விளக்கு, வீட்டில் யாருமே எதையும் பார்க்காத நேரத்தில், வலிப்பு வந்ததுபோல் துடித்துக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் போய்ப் பார்க்க ஒரு வழி உண்டு. அதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. யார் யார் சேர்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருவரும் வெளியுலகத்தோடு எத்தனை பேச்சு நடத்துகிறார்கள் என்று அது காட்டும். ஃபரீதா அதைத் திறந்தாள். நத்தைபோல ஊர்ந்து வந்தது. அவளுடைய லேப்டாப்புக்கு முப்பது, நாற்பது பேச்சு. டிவிக்கு நாலைந்து. கடைசியில், வாயில் நுழையாத பெயரோடு ஒன்று இருந்தது. அதற்கு ஆயிரக்கணக்கில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது.

யார் நீ?

டிவியின் பிளக்கைப் பிடுங்கினாள். எண்ணிக்கை ஏறியது. தன் போனை அணைத்தாள். ஏறியது. சமையலறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். அங்கே மிக்ஸியும் கிரைண்டரும்தான் இருந்தன, அவற்றுக்கு வைஃபை தெரியாது. திரும்பி வந்தால் எண்ணிக்கை தானாகவே இறங்கிக்கொண்டிருந்தது. வட்டம் நின்றது. நெட் வந்துவிட்டது.

வாசலில் அத்தா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பள்ளிவாசலிலிருந்து வந்துவிட்டார்.

தொழுதுட்டு எந்திரிக்கவும் வந்துருது.

ஹெப்சிபா திருட்டை ஒப்புக்கொள்ளவில்லை. நோயின் குணத்தை அப்படியே எடுத்துச் சொல்லியிருக்கிறாள். அது அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணமும் எளிது. நெட் போகும் நேரத்தில் அவர்கள் எல்லாரும் தொழுகையில் இருந்தார்கள். தொழுகையை முடிக்கும் சலாம் கொடுத்து எழுந்தால் நெட் இருக்கும். விஜயபாண்டிக்கும் தெரிய வழியில்லை. விடியற்காலைச் சுபுஹுக்கும் லுஹருக்கும் நடுவே எந்தத் தொழுகையும் இல்லாத நீண்ட காலைப் பொழுதில்தான் அவன் வருவான். போன சனிக்கிழமை? வகுப்பின் நடுவில் மாலைத் தொழுகையான அஸர் வந்தது. முடித்துவிட்டுத் தொழலாம் என்று அவள்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஃபரீதா மெல்லத் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள்.

*

"உங்கண்ணன் வாங்கித் தந்ததுலயா குத்தம்?" என்றார் அத்தா. முகம் சுருங்கிவிட்டது.

"அண்ணன் மேல குத்தம் இல்லத்தா. கடிகாரமும் நல்ல கடிகாரந்தான். போன மாசம் புதுக் குரல் வந்துச்சுல்ல, அப்ப உள்ள வந்த புரோகிராம்லதான் தப்பு இருக்கு."

அவள் விளக்கினாள். விளக்குவதென்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஒவ்வொரு பாங்கு முடிந்ததும் கடிகாரம் எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டரிடம் அடுத்த தொழுகை எப்போது என்று கேட்கிறது. பஸ் ஸ்டாண்டு ஜன்னலில் நேரம் விசாரிப்பதுபோல. அந்தப் பக்கம் பதில் சொல்கிறது. ஆனால் புதுப் புரோகிராமுக்கு அந்தப் பதிலைப் படிக்கத் தெரியவில்லை போலிருக்கிறது. பதில் புரியாதவன் என்ன செய்ய வேண்டும்? கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும், இல்லையென்றால் தள்ளி நிற்க வேண்டும். இது இரண்டும் செய்யவில்லை. மறுகணமே கேட்கிறது, மறுபடியும் கேட்கிறது. ஒரு மூச்சில் ஆயிரம் தடவை. ஜன்னலை அதுவே அடைத்துக்கொண்டால் பின்னால் நிற்கிறவர்கள் எப்படி விசாரிப்பார்கள்? பெட்டி திணறிப்போகிறது. செத்த நேரம் கழித்து, போதும் என்று அதுவே ஓய்ந்து, தன்னிடம் இருக்கும் கணக்கை வைத்தே அடுத்த பாங்கைச் சொல்லிக்கொள்கிறது.

"இதெல்லாம் நீயா நினைக்கது. நிரூபணம் வேணுமில்ல?" என்றார் அத்தா. ஜவுளிக் கடைக்காரர். சாயம் போகாது என்று சொன்னால் நனைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் அடுத்த பாங்கு அஸர். அஸர் வருவது வகுப்பின் நடுவில். அதற்கு முன்னால் எப்படிச் சோதிப்பது?

ஃபரீதா அத்தாவின் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். கடிகாரத்துக்கான ஆப் அதில் இருந்தது. ஊர் என்ற இடத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். அதைத் தொட்டாள். உலகத்து ஊர்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஷார்ஜாவைத் தேர்ந்தெடுத்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"நம்ம தலைக்கு மேல இருந்த சூரியன் அண்ணன் தலைக்கு மேல போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும்த்தா. அங்க இன்னும் லுஹர் வரல. வரும்போது இந்தக் கடிகாரம் தான் ஷார்ஜாவுல இருக்கோம்னு நெனச்சுக்கிட்டுப் பாங்கு சொல்லும். நான் சொல்லுதது சரின்னா, அப்ப இங்க நெட்டு போகணும்."

அத்தா கடிகாரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். சுருங்கிய முகம் எங்கே போனதென்று தெரியவில்லை. சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரலாம் என்றார்.

இருவரும் அவசர அவசரமாகச் சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டுக் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு, பந்தயம் பார்ப்பவர்கள்போல உட்கார்ந்தார்கள். அத்தா தன் போனில் பயானை ஓடவிட்டுக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். ஃபரீதா பெட்டியின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். வெளியே ஸ்ரீவில்லிபுத்தூர் மத்தியான வெயிலில் உறங்கிக்கொண்டிருந்தது.

பாங்கு எழுந்தது.

ஊரில் எந்தப் பள்ளியிலும் பாங்கு இல்லாத நேரம். அந்த ஒரு குரல் மட்டும் கூடத்தை நிறைத்தது. முடிந்தது. ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பயான் ஓடிக்கொண்டேயிருந்தது.

பெட்டியின் விளக்கு துடிக்க ஆரம்பித்தது. திரையில் அந்தப் பெயருக்கு எதிரே எண்ணிக்கை நூறானது, ஆயிரமானது. அத்தாவின் கையிலிருந்த போனில், பயான் சொல்லிக்கொண்டிருந்த ஆலிம் வாயைத் திறந்தபடியே உறைந்து நின்றார்.

"நின்னுருச்சு," என்றார் அத்தா, ரகசியம்போல. "ஷார்ஜாவுல லுஹரு வர, இங்க நம்ம நெட்டு நின்னுருச்சு."

ஃபரீதா எட்டிப் போய்க் கடிகாரத்தின் பிளக்கைப் பிடுங்கினாள். எண்ணிக்கை சரசரவென இறங்கியது. ஆலிம் விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினார்.

அத்தா எழுந்து நின்றுவிட்டார். மக்காவுக்கு மாற்றி வைத்து இன்னொரு தடவை பார்ப்போமே என்றார். சின்னப் பிள்ளைபோல அவர் கேட்டதைப் பார்த்து ஃபரீதா சிரித்துவிட்டாள். இன்றைக்குப் பரிசோதனை போதும் என்று அவள் சொன்னதும், மனமில்லாமல் கடிகாரத்தை அவரே கழற்றி, துண்டில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினார்.

*

சிரிப்பு அடங்கியதும் மாமியின் ஞாபகம் வந்தது.

வகுப்பு முடிந்து சொல்லலாம். நாளைக்குச் சொல்லலாம். உண்மையில் சொல்லாமலேகூட இருக்கலாம். ராஜபாளையம் போனதும் மாமி வீட்டுக் கடிகாரத்தின் வைஃபையை மட்டும் ரகசியமாகத் துண்டித்துவிட்டால் வீட்டில் நெட் ஒழுங்காக இருக்கும், அண்ணன் கொடுத்த சீருக்கும் மதிப்பு இருக்கும். ஹெப்சிபா மட்டும் திருட்டுப் பட்டத்தோடு வீடு மாறிப் போவாள். காலையில் படிக்கட்டுக்குக் கீழே வாய் திறக்காமல் நின்றது தான்தான் என்பது ஃபரீதாவுக்கு மறக்கவில்லை.

தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்து, நாலு மணிக்குச் சற்று முன்னால் போன் போட்டாள். ஷார்ஜா வரை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"உங்கண்ணன் குடுத்த கடியாரமா?" என்றாள் கடைசியில்.

"ஆமா மாமி."

"அப்போ அந்தப் பிள்ள சொன்னது நெசந்தானா?"

"நெசந்தான் மாமி. அவங்க சொன்னதை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். என் அண்ணன் பேருக்காக நான் மறைக்க முடியாது."

அந்தப் பக்கம் மாமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது.

"நீ ஒன் வகுப்பப் பாரு. இத நான் பாத்துக்கிடுதேன்," என்று சொல்லி மாமி போனை வைத்துவிட்டாள். எதைப் பார்த்துக்கொள்வாள், எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று யோசிக்க நேரமில்லை. மணி நாலு தாண்டிவிட்டது.

*

நாலரைக்குத் திரையில் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு மூலையில் கம்பெனிக்காரப் பெண்ணும் இருந்தாள்.

ஃபரீதா தயாரித்து வைத்திருந்த படங்களை ஒதுக்கிவிட்டாள். அறையின் ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கினாள். ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீர், அதில் சில சொட்டுப் பால். தம்ளருக்கு ஒரு பக்கத்திலிருந்து அத்தா போன் டார்ச்சைப் பிடித்தார். பக்கவாட்டிலிருந்து பாருங்கள், தண்ணீர் லேசாக நீலம் காட்டுகிறதா? இப்போது எதிர்ப் பக்கத்திலிருந்து விளக்கை நேராகப் பாருங்கள், செம்மஞ்சள். ஒரே விளக்கு, ஒரே தண்ணீர். வெளிச்சத்தில் நீலம்தான் சீக்கிரம் சிதறுகிற சாதி, அது நாலா பக்கமும் தெறிக்கிறது. தெறிக்காமல் தப்பி வருவது சிவப்பு. நடுப்பகல் வானமும் அந்தி வானமும் இந்தத் தம்ளருக்குள்ளேயே இருக்கின்றன.

பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அப்போது தெருக்கோடிப் பள்ளிவாசலிலிருந்து அஸர் பாங்கு வந்தது.

போன வாரம் எல்லாம் அறுந்துபோன அதே இடம். தான் கண்டுபிடித்தது பாதிதான் என்றால்? வேறு ஏதாவது ஒன்று பெட்டிக்குள் ஒளிந்திருந்தால்? மைக்கை அணைத்து, பாங்கு முடியும்வரை திரையையே பார்த்தாள். பாங்கு முடிந்தது. முகங்கள் அசைந்துகொண்டிருந்தன. ஒரு பெண் காதைச் சொறிந்தாள். ஒரு பையன் கொட்டாவி விட்டான். உலகத்தில் அதைவிட அழகான கொட்டாவியை அவள் பார்த்ததில்லை.

"அப்போ கடல் ஏன் மிஸ் நீலமா இருக்கு?" என்று எழுதியிருந்தான் அவன்.

"நல்லாக் கேட்ட," என்று மைக்கைத் திறந்தாள் ஃபரீதா.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனதும் கம்பெனிக்காரப் பெண் மட்டும் இருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து இதே நேரம் சேர்ந்துகொள்ள முடியுமா என்று கேட்டாள். ஃபரீதா தலையாட்டியதைப் பார்த்து, வாயால் சொல்லுங்கள் மேடம், பதிவாக வேண்டும் என்றாள். சொன்னாள். குரல் உடைந்தாலும் பதிவாகிவிட்டது.

அத்தா டார்ச்சை அணைக்க மறந்து அப்படியே நின்றிருந்தார். ரஃபீக்கின் போன் வந்ததும் மகளிடம் சைகை காட்டிவிட்டு அஸர் தொழப் போனார்.

"மச்சான், வேலை கெடச்சிருச்சு," என்றாள் எடுத்தவுடனே.

ரஃபீக் சந்தோஷத்தில் அல்ஹம்துலில்லாஹ் சொன்னது கடைக்கு வெளியே ரோட்டுக்கே கேட்டிருக்கும். அம்மா மேல் வீட்டுக்குப் போய் ரொம்ப நேரமாகிறது, இன்னும் இறங்கவில்லை, என்ன விஷயமென்று தனக்குத் தெரியாது என்றான். காலையிலிருந்து வியாபாரத்தில் தலை நிமிர நேரமில்லையாம்.

"ஒனக்குச் சொல்லாம வச்சிருந்தேன். அஃப்சல் மச்சான்கிட்ட ஒரு பெட்டி அந்தப் பாங்குக் கடியாரம் அனுப்பச் சொல்லியிருந்தேன். நேத்து வந்துச்சு. புதுக் குரல் புதுக் குரல்னு அம்மா சொல்லி வச்சதுல எம்புட்டு பேரு வந்து கேட்டாங்க தெரியுமா. பெட்டி காலி. ஜமாஅத் ஆபீசுல ஒண்ணு, நம்ம தெருவுல வீட்டுக்கு ஒண்ணு. நானே போய் வைஃபையில சேத்துக் குடுத்துட்டு இப்பத்தான் வந்து உக்காந்தேன்."

ஃபரீதா ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தாள். மேற்கே மலைக்கு மேல் நீலம் வெளிறி, செம்மஞ்சள் இறங்கத் தொடங்கியிருந்தது; சூரியன் அடைந்தால் அடுத்த பாங்கு.

"மச்சான்," என்றாள், "மஃரிபுக்கு இன்னும் எம்புட்டு நேரம் இருக்கு?"